வானமும் மணிக்கணக்கும்

முந்தலின் வானத்தில் விமானம் புதுமைப் பொருளன்று. கட்டுநாயக்காவிலிருந்து எழுந்து வளைகுடா நாடுகளை நோக்கிச் செல்லும் விமானங்களை, உப்பளத்தில் உப்பு வாருவோரும், இறால் பண்ணையில் இரவுக் காவல் இருப்போரும், கரைவலை இழுப்போரும் அன்றாடம் காண்கின்றனர். அவ்விமானங்களில் ஒரு முறையேனும் ஏறிச் சென்ற தாயோ தமக்கையோ தமையனோ இல்லாத வீடுகள் இக்கரையோரத்தில் அரியன. பிறர் வீட்டில் அடுப்பெரிக்கவும் பிறர் நாட்டில் கட்டடம் எழுப்பவும் எமது மக்கள் வானவழியே சென்று வருகின்றனர்.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எம்மை நோக்கி ஒரு வினா எழுப்பினாள். “விமானத்தில் ஏறிப் போனவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அதை ஓட்டிப் போனவர் ஒருவராவது ஏன் இல்லை, சேர்?”

நாம் அறிந்த விடையைக் கூறினோம். கணிதமும் பௌதிகமும் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், கண்பார்வையும் உடல்நலமும் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, குறித்த மணிக்கணக்கு வானிற் பறந்திருத்தல் வேண்டும். சர்வதேச விதியின்படி வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெறுதற்கு 200 மணி. அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சி நெறியில் பயின்றவராயின் 150 மணி. பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாதற்குரிய மேலான அனுமதிப்பத்திரத்துக்கோ 1500 மணி.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அந்த மணிகளை யார் தருவார்?” என்றாள்.

இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அம்மணிகள் எவ்வாறு தோன்றின, அவற்றை இதுவரை யார் யாருக்குத் தந்தனர் என்னும் வரலாற்றை அறிதல் வேண்டும்.

எண் பிறந்த கதை

வலவன் எவனும் செலுத்தாமலே இயங்கும் வானவூர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் கற்பனை செய்தார். புகழுடையோர் அதில் ஏறி மேலுலகு செல்வர் என்பது அவர் கருத்து. 1903இல் ரைட் சகோதரர்கள் மெய்யாகவே பறந்து காட்டிய ஊர்தி அத்தகையதன்று. அதற்கு வலவன் இன்றியமையாதவன். அவன் கைப்பிழை அனைவர் உயிரையும் கொள்ளும்.

தொடக்க காலத்தில் பறத்தல் செல்வரின் விளையாட்டாகவே இருந்தது. சில சுற்றுகள் பறந்து, குறித்த இடத்தில் இறங்கிக் காட்டியவருக்குப் பறப்புக் கழகங்கள் சான்றிதழ் வழங்கின. முதலாம் உலகப் போரின் பின், 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை விமானிகளுக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகைமைகளை நாடுகளுக்குப் பொதுவாக வகுத்தது. விளையாட்டாக இருந்தது தொழிலாக மாறியது.

எமது பிரதேசத்திலும் இம்மாற்றம் அவ்வாறே நிகழ்ந்தது. பிரித்தானிய இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தை 1929 பெப்ரவரி 10ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா பெற்றார். ஆசிரியருடன் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்த பின்னரே அவர் தனித்துப் பறந்தார் என்பர். 1932 ஒக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை அவரே ஓட்டினார். 1935 நவம்பர் 27ஆம் நாள் இரத்மலானையில் முதன்முதலாக விமானம் ஒன்று இறங்கியது. அதனை ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியராயிருந்த டின்டேல் பிஸ்கோ. 1938இல் டாட்டா நிறுவனத்தின் விமான சேவை கொழும்பை எட்டியது. டாட்டாவின் துணிவும் திறமையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் அன்று இத்துறையின் வாயில், கழகத்தில் உறுப்பினராகும் வசதி உடையோருக்கே திறந்திருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

போதிய அனுபவமின்றிப் பறத்தலின் விலை யாதென்பதை 1934ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. ஐக்கிய அமெரிக்காவில் சனாதிபதி ரூஸ்வெல்ட், தனியார் நிறுவனங்களுடனான தபால் விமான ஒப்பந்தங்களை இரத்துச் செய்து, அப்பணியை இராணுவத்திடம் ஒப்படைத்தார். இராணுவ விமானிகள் இளைஞர். இரவிலும் முகிலிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த பழக்கம் அவர்களுட் பெரும்பாலோருக்கு இல்லை. மாரிகாலப் பனியிலும் புயலிலும் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதன் பின்னரே, எட்வின் லிங்க் என்பவர் ஆக்கியிருந்த, தரையில் இருந்தபடியே கருவிப்பறப்பைப் பயிற்றும் பொறியை இராணுவம் வாங்கியது. அதுவரை அப்பொறி பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களுக்கே விற்பனையாயிற்று. அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், சாவுகள் நிகழ்ந்த பின்னரே அது விலைக்கு வாங்கப்பட்டது.

ஆகவே மணிக்கணக்கு வெறும் அலுவலக விதியன்று. இறந்தோரின் அனுபவமே அவ்வெண்ணாக உறைந்துள்ளது. அதனை எள்ளி நகையாடும் எண்ணம் எமக்கு இல்லை.

இராசாளி இறங்கிய நிலம்

முந்தலிலிருந்து வடக்கே புத்தளம் செல்லும் புகையிரதப் பாதையில் பாலாவி உளது. உப்பளங்கள் சூழ்ந்த அப்பகுதியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்தளம் ஒன்று அமைந்தது. 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பின்னர், பிரித்தானியர் இலங்கைக் கரையோரங்களை அரண் செய்தனர். 1943இல் புத்தளத் தளம் பிரித்தானியக் கடற்படையின் விமான நிலையமாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ராஜாளிய’. சிங்களத்தில் அது ஒரு வேட்டைப் பறவையின் பெயர். தமிழில் நாம் இராசாளி என்போம். விமானந்தாங்கிக் கப்பல்களுக்குரிய பிரிவுகள் அங்கு இறங்கித் தங்கின; இளம் விமானிகள் எமது களப்பின் மேலும் தென்னந்தோப்புகளின் மேலும் பறந்து பயின்றனர்.

அவ்விளைஞர்களுக்கு அந்த மணிகளைத் தந்தவர் யார்? பேரரசு தந்தது. எரிபொருளும் விமானமும் ஆசிரியரும் பொதுப்பணத்தில் வழங்கப்பட்டன. 1939 டிசம்பரில் கையெழுத்தான பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ், கனடாவில் மட்டும் 1,30,000க்கும் மேற்பட்ட விமானப் பணியினர் பயிற்சி பெற்றனர். அவர்களுட் பாற்பண்ணையாளர் மக்களும் கடைச் சிப்பந்திகளும் இருந்தனர். ‘இத்தனை மணிக்குப் பணம் கட்டுக’ என அவர்களை எவரும் கேட்கவில்லை. மனிதரை விமானியாக்கும் செலவைச் சமூகம் ஏற்க முடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? அழிவுக்காக ஏற்ற செலவை ஆக்கத்துக்காக ஏற்க மறுப்பதுதான் விந்தை.

எமது கரையின் மக்களுக்கு அத்தளத்திலிருந்து பறப்பு மணி எதுவும் கிட்டவில்லை. நிலம் எமது, வானமும் எமது, மணிகள் மட்டும் பிறருடையன.

போர் முடிவதற்கு முன்னரே, 1944 டிசம்பரில், சிகாகோ நகரில் கூடிய நாடுகள் சர்வதேச சிவில் விமான உடன்படிக்கையைச் செய்தன. அதன் முதலாவது இணைப்பு விமானப் பணியாளரின் அனுமதிப்பத்திரம் பற்றியது. 1948இல் ஏற்கப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. நாம் மாணவிக்குக் கூறிய எண்கள் இன்று அவ்விணைப்பில் உள்ளவையே. 2006இல் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கென்றே புதியதோர் அனுமதிப்பத்திரம் சேர்க்கப்பட்டது. அதற்கு 240 மணி வேண்டும். அவற்றுட் பெரும்பகுதியைத் தரையிலுள்ள பாவனைப் பொறியிலேயே கழிக்கலாம். லிங்கின் பொறி ஈன்ற வழித்தோன்றல் இது.

இலங்கையில் ‘எயார் சிலோன்’ 1947 டிசம்பர் 10ஆம் நாள் தன் சேவையைத் தொடங்கியது. டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. போருக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட விமான வகை அது. உலகெங்கும் புதிய விமான நிறுவனங்கள் போர் விட்டுச் சென்ற விமானங்களையும், போர்க்காலத்தில் மணி சேர்த்த விமானிகளையும் கொண்டே எழுந்தன. அத்தலைமுறை ஓய்வு பெற்றதும், மணிகளைத் தரும் பொறுப்பு பல நாடுகளில் அரசின் கையிலிருந்து நழுவித் தனிமனிதரின் பணப்பையை அடைந்தது.

நிறமும் பாலும்

மணி என்பது நடுநிலையான அளவை எனப்படுகிறது. அறுபது நிமிடம் எவர்க்கும் அறுபது நிமிடமே. ஆயின் வரலாறு வேறு கூறுகிறது.

பெஸி கோல்மன் என்னும் கறுப்பினப் பெண்ணை அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் ஏற்க மறுத்தன. அவர் பிரெஞ்சு மொழி கற்று, கடல் கடந்து பிரான்ஸ் சென்று, 1921இல் சான்றிதழ் பெற்றார். தாய்நாடு தர மறுத்த மணிகளை அந்நிய மண் தந்தது.

மார்லன் கிரீன் அமெரிக்க விமானப்படையில் 3000 மணிக்கு மேல் பறந்தவர். 1957இல் கொண்டினென்டல் நிறுவனத்தில் வேலை கேட்டார். அவரினும் குறைந்த மணிகள் பறந்த வெள்ளையர் தேர்ந்தெடுக்கப்பட்டனர், அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆறு ஆண்டுகள் வழக்காடிய பின்னர், 1963இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. 3000 மணியினும் தோலின் நிறம் கனத்தது என்பதை நிறுவனத்தின் தேர்வுப் பட்டியலே காட்டிக்கொடுத்தது.

இந்தியாவில் சரளா தக்ரால் 1936இல், தம் 21ஆம் வயதில், சேலை உடுத்தபடியே தனித்துப் பறந்தார்; பின்னர் 1000 மணிகள் சேர்த்தார். வர்த்தக விமானியாகப் பயில முயன்றபோது போர் வந்தது. குடிமக்களுக்கான பயிற்சி நின்றது. அவர் வாழ்க்கை ஓவியத்தின் பக்கம் திரும்பிற்று. பிரேம் மாத்தூரைப் பெண் என்பதனால் எட்டு நிறுவனங்கள் மறுத்தன என்பர். இறுதியில் ஐதராபாத்தின் டெக்கான் எயார்வேய்ஸ் ஏற்றது. எமது மாணவியின் வினாவுக்கு முன் எத்தனை பெண்கள் இதே வாயிலில் நின்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

மணி இருந்தும் நேர்ந்தவை

2009 பெப்ரவரி 12ஆம் நாள் இரவு, நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகருக்கு அருகே கொல்கன் நிறுவனத்தின் சிறு பயணிகள் விமானம் வீடொன்றின் மீது வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர். வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கவிருந்த வேளையில், மூக்கைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி அதனை உயர்த்தினார்.

இறந்தோரின் குடும்பத்தினர் ஓயாது போராடினர். 2010இல் புதுச்சட்டம் பிறந்தது. முன்னர் அங்கு 250 மணி பறந்தவரும் துணை விமானியாகச் சேரலாம். 2013 முதல் துணை விமானிக்கும் 1500 மணி கட்டாயமாயிற்று. படையிலிருந்து வருவோர்க்கும், குறித்த பட்டநெறிகளில் பயின்றோர்க்கும் மட்டும் சலுகை உண்டு.

ஆயின் ஓர் உண்மையை நோக்குக. அவ்விமானத்தின் தலைமை விமானி 3379 மணி பறந்தவர். துணை விமானி 2244 மணி பறந்தவர். புதுச்சட்டம் முன்னரே இருந்திருப்பினும் இருவரும் தடையின்றி விமானத்தில் ஏறியிருப்பர். விசாரணைச் சபையின் பரிந்துரைகளில் 1500 என்னும் எண் இடம்பெறவில்லை. விசாரணையில் வெளிவந்தவை வேறு. துணை விமானியின் ஆண்டு வருமானம் சுமார் 16,000 டொலர். வேலைத்தலத்துக்கு அருகே வாழ அவ்வருமானம் இடந்தரவில்லை. நாட்டின் மறுகரையிலிருந்து இரவு முழுதும் வேறு விமானங்களில் பயணஞ் செய்தே அவர் பணிக்கு வந்தார். தலைமை விமானி முந்தைய இரவு பணியாளர் அறையிலேயே தங்கினார். முன்னர் பல தேர்வுகளில் தவறியவர் அவர். களைப்பும் குறைவூதியமும் அரைகுறைப் பயிற்சியும் அன்றிரவு அவ்விருவருடன் விமானியறையில் அமர்ந்திருந்தன.

அடுத்த ஆண்டு, 2010 மே 22ஆம் நாள், துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். வளைகுடாவில் உழைத்து வீடு திரும்பியோர் அவர்களுட் பலர். எமது கரையோரத்தினரை ஒத்தவர். தலைமை விமானி 10,000 மணிக்கு மேல் பறந்த அனுபவசாலி. பயணத்தின் பெரும்பகுதி நேரம் அவர் உறங்கினார் என்றும், விழித்த பின்னும் தெளிவடையவில்லை என்றும் விசாரணை கூறிற்று. இறங்காது மேலெழுமாறு துணை விமானி மூன்று முறை எச்சரித்தார்; தாமே விமானத்தைக் கைக்கொள்ளத் துணியவில்லை.

மணிக்கணக்குப் புத்தகத்தில் மணிகள் பதிவாகும். இழந்த உறக்கம் பதிவாவதில்லை. மேலோன் பிழை செய்யும்போது தடுக்கும் உரிமை கீழோனுக்கு உண்டா என்பதும் பதிவாவதில்லை. ஓய்வும் ஊதியமும் பேசும் உரிமையும் தொழிலாளர் கோரிக்கைகள் மட்டுமே எனக் கருதுவோர், அவையே பயணியின் உயிர்க்காப்பும் ஆதலை இவ்விரு விபத்துகளிலும் காண்பாராக.

விலைக்கு வரும் மணி

சிறு பயிற்சி விமானம் ஒரு மணி பறக்க எரிபொருள், பராமரிப்பு, ஆசிரியர் ஊதியம், தரையிறங்கு கட்டணம் அனைத்தும் சேர்கின்றன. விமானமும் உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலரில் வருவன. 2022இல் எமது ரூபா சில மாதங்களுக்குள் ஒரு டொலருக்கு 200 என்னும் நிலையிலிருந்து 360 வரை வீழ்ந்தபோது, பறப்பு மணியின் விலையும் உடனெழுந்தது. எமது ஊரில் ஒரு சம்மாட்டி தன் வள்ளத்தையும் வலையையும் காணியையும் விற்றாலும் 200 மணி வாங்குதல் அரிது. அவரிடம் கூலிக்கு வலை இழுப்பவர் நிலை சொல்லவேண்டியதில்லை.

கடலை எண்ணிப் பார்க்கின்றோம். மீனவன் மகன் பன்னிரண்டு வயதில் தந்தையின் தோணியில் ஏறுகிறான். நீரோட்டமும் காற்றும் மேகமும் அவனுக்குப் பாடமாகின்றன. ஆயிரம் மணி கடலிற் கழித்தாலும் அவனிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை, தோணி வீட்டினுடையது. விமானம் எவர் வீட்டினது?

விலைக்கு விற்கப்படும் பொருளுக்குப் போலியும் தோன்றும். 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி அனுமதிப்பத்திரம் பெற்ற விமானிகள் கைதாயினர். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த பயிற்சிப் பள்ளி பற்றியும் இராசத்தானில் விசாரணை நடந்தது. 2020இல் கராச்சியில் 97 பேரைப் பலிகொண்ட விபத்தின் பின், பாகிஸ்தானின் 860 விமானிகளுள் 262 பேரின் பத்திரங்கள் ஐயத்துக்குரியன என அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார். அவர்களுட் பலர் பின்னர் குற்றமற்றோராகக் காணப்பட்டனர். எனினும் சில பத்திரங்கள் இரத்தாயின. தனிமனிதரின் ஒழுக்கக்கேட்டை நாம் மன்னிக்கவில்லை. ஆயின் தகைமையைச் சந்தைப் பொருளாக்கிய பின், கள்ளச் சந்தை தோன்றியதே எனக் கண்ணீர் விடுவதில் பயனில்லை.

யார் தருவார்?

யூரி ககாரின் தச்சனின் மகன். சரத்தோவ் நகரில் வார்ப்புத் தொழில் பயின்ற மாணவராயிருந்தபோது, அங்கிருந்த பறப்புக் கழகத்தில் 1955இல் பறக்கக் கற்றார், கட்டணம் செலுத்தவில்லை. 1959இல் அவர் பறந்திருந்தவை 265 மணியளவே. 1961 ஏப்பிரல் 12ஆம் நாள் விண்ணை வலம்வந்த முதல் மனிதரானார். அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைக்கும் வந்தார். அக்கழகங்களுக்குப் பின்னும் படையின் தேவை இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் தச்சன் மகனுக்கு மணிகளைத் தந்தது அவன் தந்தையின் பணப்பை அன்று.

எமது நாட்டிலும் மணிகளை இலவசமாகத் தரும் நிறுவனம் ஒன்று உண்டு; அது விமானப்படை. 2009 வரை நீண்ட போரைக் கண்ட இந்நாட்டில், தமிழ்க் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் எத்துணை அகலமாகத் தோன்றியிருக்கும் என்பதை வாசகர் அறிவர். சிவில் வாழ்வுக்கு ஒரு சிவில் வாயில் வேண்டும்.

“கடனில் மூழ்கிய நாடு விமானிகளைப் பயிற்றுவதா? பயின்றவர் அந்நிய நாட்டுக்கு ஓடிவிடாரோ?” எனக் கேட்பர். 2022இன் நெருக்கடிக்குப் பின் விமானிகள் பலர் பிறநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றது உண்மையே. அவ்வாறு சென்றோருள் சொந்தப் பணத்தில் பயின்றோரும் இருந்தனர், மருத்துவரும் சென்றனர். அதற்காக மருத்துவபீடத்தை எவரும் மூடவில்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியின் பொருளை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவ மாணவன் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கும் மணிகளை யார் தருகிறார்? அரச மருத்துவமனை தருகிறது. அம்மணிகளை அவனே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தால், மீனவர் வீட்டில் ஒரு மருத்துவரேனும் தோன்றியிரார். மருத்துவத் துறையில் மணியைப் பொதுவாக்கிய நாடு, வானத்துறையில் அதனைச் சந்தைக்கு விட்டது. திறமையால் தேர்வு, அரச செலவிற் பயிற்சி, பயின்றபின் சில ஆண்டுச் சேவை அல்லது ஊதியத்திலிருந்து தவணையாகத் திருப்பிச் செலுத்துதல் என்பன செயற்கரியன அல்ல.

200 மணியை 100 ஆக்குக, 1500ஐ 1000 ஆக்குக என நாம் கேட்கவில்லை. எமது தாய்மாரும் சகோதரிகளும் ஏறிச் செல்லும் விமானத்தை முழுத் தகைமையுடையோரே ஓட்டுதல் வேண்டும். அவர்கள் உறங்கி எழுந்து, உரிய ஊதியம் பெற்று, பிழையைப் பிழையெனச் சொல்லும் உரிமையுடன் ஓட்டுதல் வேண்டும். அம்மணிகளை அடையும் வழி எவர் பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

பாலாவித் தளம் இன்றும் உளது. எமது விமானப்படையின் வசம் உளது. ஒரு காலத்தில் பேரரசு தன் பிள்ளைகளுக்கு மணிகளைத் தந்த நிலம் அது. அந்நிலத்தை நாளும் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அம்மணிகளை யார் தருவார் என்னும் வினாவுக்கு, ஆசிரியராகிய எம்மிடம் இன்று முழுமையான விடை இல்லை. ஆயின் அவ்வினாவை ஒரு மாணவியின் தனிக் கவலையாக விட்டுவிடாது ஊரின் வினாவாகவும் நாட்டின் வினாவாகவும் எழுப்பும் கடமை எமக்கு உண்டு. அவள் பௌதிக நூலைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். காலம் அவளுக்காகக் காத்திராது.